ஒரு சகோதரி எழுதியது

சபையில் அவளை எல்லோரும் கதை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்த டீச்சர் இல்லை. ஞாயிறு பள்ளியில் பெரிய பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள், அவ்வளவுதான். சொன்ன பேச்சு கேட்காத வயசுப் பிள்ளைகள். ஒருத்தி பின்னலை இன்னொருத்தி அவிழ்த்துக்கொண்டும், மேசைக்கு அடியில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டும் இருக்கிறவர்கள், அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் மட்டும் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆலயத்துக்குப் பின்னால் சபையின் பதிப்பகம் இருந்தது. கீழே அச்சு இயந்திரங்கள், மேலே எடிட்டர் ஐயாவின் அறை. முகாம்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் வாலிபப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சின்னச் சின்ன நாவல்கள்தான் அங்கே முக்கியமான சரக்கு. எடிட்டர் ஐயா ஒருநாள் அவள் வகுப்புக்கு வெளியே நின்று கதையைக் கேட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், இப்ப பேசினீங்களே, அத அப்படியே எழுதிக் குடுங்க. நம்ம பிள்ளைங்க கண்டதையும் படிச்சுக் கெட்டுப் போகுதுங்க. நம்ம கையால ஒரு நல்ல கதை போகட்டும்."

"எனக்கு எழுத வராது ஐயா. பேசத்தான் வரும்."

"பேசுறவங்கதான் எழுதணும். எழுதுறவங்க எழுதினத நான்தான் தினமும் திருத்துறேனே, எனக்குத் தெரியாதா?"

அப்படி வந்ததுதான் 'ஐந்து மணி விளக்கு'. வீட்டுக்காரர் பஸ் டிப்போ வேலைக்குக் கிளம்பியதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுதுவாள். ஒரே மகள், வீட்டில் கூப்பிடுவது பாப்பா என்று, அவளுக்கு அப்போதுதான் பதிமூன்று முடிந்திருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் மை காய்வதற்கு முன்னால் அவள்தான் படிப்பாள். படித்துவிட்டு, "அப்புறம்?" என்பாள். அந்த 'அப்புறம்'தான் டீச்சரை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளியது.

கதை இதுதான். பதினாறு வயதுப் பெண். அப்பா குடிகாரர், கையும் நீட்டுவார். அவள் எதிர்த்துப் பேச மாட்டாள், யாரிடமும் சொல்ல மாட்டாள், வீட்டை விட்டுப் போக மாட்டாள். விடியற்காலை ஐந்து மணிக்கு விளக்கை ஏற்றி அப்பாவுக்காக ஜெபம் பண்ணுவாள். அடிக்கு அடி பொறுமை. கடைசியில் ஒரு விடியற்காலை அப்பா அந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் பக்கத்தில் வந்து முழங்காலில் நிற்பார். அந்த இடம் வந்தால் கல்லும் கரையும். மெய்ப்புத் திருத்தும்போது தான் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்ததாக எடிட்டர் ஐயாவே சொன்னார். அந்த அப்பனை எங்கிருந்து பிடித்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. பதிப்புக்கு மேல் பதிப்பு. வாலிபர் முகாம் என்றால் அதுதான் பரிசு, ஞாயிறு பள்ளித் தேர்வில் முதலிடம் என்றால் அதுதான் பரிசு. "எங்க அப்பாவும் திருந்திட்டார் டீச்சர்" என்று பெண்கள் கடிதம் போட்டார்கள். பிறகு இன்னும் ஏழெட்டு நாவல் எழுதினாள். எதுவும் இதன் கிட்டே வரவில்லை. எங்கே போனாலும் 'ஐந்து மணி விளக்கு எழுதின டீச்சர்'தான்.

பாப்பாவுக்கு இருபத்து நான்கு வயதில் சபையிலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிற பையன், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அதிர்ந்து பேச மாட்டான். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். "தங்கமான பையன்" என்று டீச்சர் ஊரெல்லாம் சொன்னாள். வீட்டுக்காரருக்குக் கால் தரையில் படவில்லை.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து பாப்பா ஒரு காலையில் வந்து நின்றாள். மேல் கையில் ஓரிடம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. முழுதாக எதுவும் சொல்லவில்லை. "அவருக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்திம்மா," என்றாள்.

டீச்சர் என்ன செய்தாள்? மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். தலையை வாரிவிட்டாள். "முதல் வருஷம் எல்லா வீட்லயும் அப்படித்தான் பாப்பா. நீ பொறுமையா இரு. ஆண்டவர் மனச மாத்துவார்," என்றாள். அவளே கொண்டுபோய் மருமகன் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தாள். மருமகன், "உள்ள வாங்க அத்தை, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அதன் பிறகு பாப்பா எதையும் சொல்லவில்லை. கேட்டால், "நல்லா இருக்கேன்மா." போனில் குரல் மட்டும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது.

அடுத்த வருஷம் ஒரு மதிய நேரம். டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டவில்லை, மணி அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பாப்பா கூடத்தில் நிற்கிறாள். கையில் பை இல்லை. இடது காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். காதுக்குக் கீழே கழுத்து வரைக்கும் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னடி இது? என்னாச்சு?"

"மெதுவா பேசாதம்மா. இந்தப் பக்கம் கேட்கல."

டீச்சர் மெதுவாகப் பேசவில்லை. கத்தித்தான் கேட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, எப்படி ஆனது என்று கேட்டாள். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் பாப்பா. டாக்டரம்மா விளக்கை அணைத்தாள். "விழுந்தா காது ஜவ்வு இப்படிக் கிழியாதும்மா. விரிச்ச கையால அறைஞ்சாத்தான் இப்படிக் கிழியும். இது முதல் தடவையும் இல்ல. பழைய தழும்பு இருக்கு." அந்தக் காது பழையபடி கேட்காது என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் சமையலறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கீரை ஆய்கிற சாக்கில் தலையைக் குனிந்திருந்தாள்.

"இவ்வளவு நாளா ஏன் பாப்பா என்கிட்ட சொல்லல?"

"முதல்ல சொன்னேனேம்மா."

டீச்சரின் கை நின்றது.

"அவர் அடிச்சு முடிச்சதும் என்ன பண்ணுவார் தெரியுமா?" என்றாள் பாப்பா. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது குரல். "கை கழுவிட்டு வருவார். அலமாரில உன் புத்தகம் இருக்கும்ல, அத எடுத்து என் தலையணை மேல வெச்சிட்டுப் போயிடுவார். திட்ட மாட்டார். 'உங்க அம்மா எழுதினதுதான, படி'ன்னு மட்டும் சொல்வார். நானும் படிச்சேன்மா. ஐஞ்சு மணிக்கு எழுந்தேன். எழுந்திருக்கிற சத்தம் கேட்டுத் தூக்கம் கெட்டுப்போச்சுன்னு அதுக்கும் ஒருநாள் அடிச்சார்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கவா? அந்தக் கதையில வர்ற அப்பா யாரு?"

"உன் தாத்தா."

"அவர் திருந்தினாரா?"

டீச்சரின் அப்பா திருந்தவில்லை. சாகிற வரைக்கும் குடித்தார். கையில் தெம்பு இருந்த வரைக்கும் அடித்தார், தெம்பு போன பிறகு கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தார். அவளுடைய அம்மா இருட்டோடு எழுந்து ஜெபம் பண்ணினாள், அது நிஜம். விளக்கும் நிஜம். ஒருநாள் அந்த விளக்கையே எடுத்து அப்பா எறிந்தார். அம்மா அவருக்கு முன்னாலேயே செத்துப்போனாள். கண்ணால் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, பார்க்க ஆசைப்பட்டதை டீச்சர் எழுதியிருந்தாள். எழுதுகிறபோது அது பொய் மாதிரித் தெரியவில்லை. அம்மாவுக்குச் செய்கிற மரியாதை மாதிரி இருந்தது.

"இல்ல பாப்பா. திருந்தல."

பாப்பா அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப ஏம்மா அப்படி எழுதின?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்டாள்.

அந்த வாரமே போதகர் வீட்டுக்கு வந்தார். கூடவே மருமகன். இஸ்திரி போட்ட சட்டை, குனிந்த தலை. வீட்டுக்காரர் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். பாப்பா உள்ளே அறையில் இருந்தாள்.

"தம்பி ரொம்ப உடைஞ்சு போயிருக்கார்மா," என்றார் போதகர். "என்கிட்ட வந்து அழுதார். குடும்பம்னா இப்படி அப்படித்தான் இருக்கும். நாமதான் சேர்த்து வைக்கணும். உங்களுக்குத் தெரியாததா? உங்க புத்தகத்த வெச்சுத்தான் கல்யாணமாகப் போற பிள்ளைங்களுக்கு நான் வகுப்பே எடுக்கிறேன்."

"பாப்பாவுக்கு ஒரு காது போயிடுச்சுங்க ஐயா."

"கேள்விப்பட்டேன். வருத்தமாத்தான் இருக்கு. ஆண்டவர் சுகம் கொடுப்பார்."

மருமகன் தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடுங்க அத்தை. இனிமே நடக்காது," என்றான். அதே மென்மையான குரல். அவன் கைகள் முழங்கால் மேல் இருந்தன. நீளமான விரல்கள், நகம் ஒட்ட வெட்டியிருந்தது. டீச்சர் அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கிசுகிசுத்தார். "போதகரே வந்திருக்கார். இதுக்கு மேல என்ன வேணும்? நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா? அனுப்பி வெச்சிடலாம்."

"நான் ஒரு தடவ அனுப்பினேங்க," என்றாள் டீச்சர். "அதுவே போதும்."

வெளியே வந்து, "பாப்பா வர மாட்டா மாப்பிள்ளை. நீங்க கிளம்புங்க," என்றாள். போதகர் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதித்தார், அவள் சொன்னது காதில் சரியாக விழாத மாதிரி. வாசல் வரை வீட்டுக்காரர்தான் போய் வழியனுப்பினார். பிறகு வெகுநாளைக்கு அவர் டீச்சருடன் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் அவள் பதிப்பகத்துக்குப் போனாள். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மடித்த தாள்கள் கட்டுக் கட்டாகச் சுவரோரம் ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்து மேசையில் புது அட்டை: முழங்காலில் நிற்கிற பெண், ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். ஐந்து மணி விளக்கு, புதிய பதிப்பு. வாலிபர் முகாமுக்காக.

மாடிப்படி ஏறி எடிட்டர் ஐயா முன்னால் உட்கார்ந்தாள்.

"ஐயா, கீழ ஓடுதே, அத நிறுத்துங்க. அந்தப் புத்தகம் இனிமே வர வேண்டாம்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். பாப்பா விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது. கெட்ட மனுஷர் இல்லை. முகம் வாடித்தான் போனது. "உங்க கஷ்டம் புரியுது டீச்சர். ஆனா ஒரு வீட்ல நடந்தத வெச்சு முடிவு பண்ணலாமா? எத்தனை பிள்ளைங்க சாட்சி எழுதியிருக்குங்க. அந்தக் கடிதாசெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல ஐயா. ஆனா திருந்தாத அப்பன் வீட்டுப் பிள்ளைங்க நமக்குக் கடிதாசு போடாதுங்க."

"நம்பிக்கை இல்லாத கதைய வாலிபப் பிள்ளைங்க கையில நான் கொடுக்க முடியாது."

"அப்ப கடைசியிலயாவது ஒரு பக்கம் சேர்த்துடுங்க. அடி விழுந்தா யார்கிட்டயாவது போய்ச் சொல்லுங்கன்னு. அதுகூடவா முடியாது?"

"சபைக் குழு ஒத்துக்காது. வீட்டு விஷயத்த வெளிய சொல்லச் சொல்றோம்னு ஆயிடும்." பென்சிலை எடுத்து மறுபடியும் காதில் செருகிக்கொண்டார். "உரிமை பதிப்பகத்துக்குத்தான எழுதிக் கொடுத்திருக்கீங்க டீச்சர். என் கையில ஒண்ணும் இல்ல."

இறங்கி வரும்போது இயந்திரத்தின் அதிர்வு படிக்கட்டில் கால் வழியாக ஏறியது. முன்பெல்லாம் அந்த அதிர்வுக்காகவே நின்று நின்று இறங்குவாள்.

முகாமுக்கு அவளை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள், பரிசு கொடுக்க. இனி வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. அல்லது நாலு பேர் முன்னால் அடக்கமாக நடந்துகொள்வாள் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு பள்ளிக்கூட மண்டபம். விரிப்பில் வரிசையாகப் பெண் பிள்ளைகள், எதிர்ப்பக்கம் பையன்கள். மேடையில் போதகர், எடிட்டர் ஐயா, ஓரமாகக் கீபோர்டின் பின்னால் மருமகன். மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. புது மை வாசனை அவள் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்தது.

முதல் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டதும் டீச்சர் எழுந்தாள். புத்தகத்தை எடுக்கவில்லை, மைக்கை எடுத்தாள்.

"பிள்ளைங்களா, இந்தக் கதைய எழுதினது நான்தான். இதுல வர்ற பொண்ணு எங்க அம்மா. அந்த அப்பா எங்க அப்பா. கதையில அவர் மனசு மாறுவார். நிஜத்துல மாறல. எங்க அம்மா அடி வாங்கியே செத்தாங்க. அத நான் மறைச்சு எழுதினேன்."

போதகர் பாதி எழுந்துவிட்டார்.

"என் பொண்ணும் இதப் படிச்சா. இதுல இருக்கிற மாதிரியே நடந்தா. இன்னிக்கு அவளுக்கு ஒரு காது கேட்காது." கீபோர்டு பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. மண்டபமே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

முன்வரிசையில், பரிசுக்காக எழுந்து வந்து பாதி வழியில் நின்றுவிட்ட பெண், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கேட்டாள்: "அப்ப ஜெபம் பண்ண வேண்டாமா டீச்சர்?"

"பண்ணு கண்ணு. நானும் தினமும் பண்றேன். ஆனா அடிக்கிற வீட்டுக்குள்ள இருந்து பண்ணாத. வெளிய வந்து, யார் வீட்லயாவது உட்கார்ந்து பண்ணு. ஆண்டவருக்கு அங்க இருந்தும் கேட்கும்."

எங்கோ பின்னால் ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தது. இன்னொரு மூலையில் யாரோ விசும்புகிற சத்தம். அதற்குள் போதகர் மைக்கை வாங்கிக்கொண்டார். "டீச்சர் மனசு சரியில்லாம இருக்காங்க, அவங்களுக்காக ஜெபிப்போம்," என்று கண்ணை மூடினார். மருமகன் அந்த ஜெபத்துக்குப் பின்னணியாகக் கீபோர்டை மெல்ல வாசித்தான். விரல் தடுமாறவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. ஞாயிறு பள்ளி வகுப்புக்கு வேறு ஆள் போட்டார்கள். "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கம்மா" என்று பூசி மெழுகினார்கள். ஆராதனையில் அவள் உட்கார்ந்த வரிசையில் இடம் காலியாகவே இருந்தது. வீட்டுக்காரர் வேறொரு வரிசைக்கு மாறிக்கொண்டார். முகாமுக்கு வந்த பெண்களில் ஒருத்திகூட அவளைத் தேடி வரவில்லை. வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். யாராவது ஒருத்தி, ஒரே ஒருத்தி. யாரும் வரவில்லை.

புத்தகம் நிற்கவில்லை. அடுத்த பதிப்பு வந்தபோது, ஆலய வாசல் மேசையில் விற்பனைக்கு வைத்திருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதே முழங்கால், அதே மஞ்சள் வெளிச்சம். அட்டையில் அவள் பெயர் இருந்த இடத்தில் 'ஒரு சகோதரி எழுதியது' என்று இருந்தது. கதையை நிறுத்தச் சொன்னாள், பேரை நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த பையன், "வாங்கிக்கோங்க ஆன்ட்டி, நல்ல கதை" என்றான். ஊருக்குப் புதுசு போலிருக்கிறது.

மருமகன் ஆராதனைக்கு வாசித்துக்கொண்டுதான் இருந்தான். டீச்சரும் போய்க்கொண்டுதான் இருந்தாள். "எதுக்குப் போற?" என்று பாப்பா கேட்டதற்கு, "அவன் வாசிக்கிறான்னு நான் ஏன் பாடாம இருக்கணும்?" என்றாள். ஆனாலும் சில ஞாயிறுகளில் பாதிப் பாட்டில் நிறுத்திவிடுவாள். மீதிப் பாட்டு அவள் இல்லாமலே முடிந்துவிடும்.

பாப்பா கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் போட்ட விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கடையில் இடது பக்கமாக வந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் நின்று, திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினாள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அந்தப் பேரையே வைத்துக்கொண்டாள்.

டீச்சர் மறுபடியும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிற கதை. முதல் மூன்று அத்தியாயத்தை எடிட்டர் ஐயாவுக்கே கொடுத்துப் பார்த்தாள். அவர் ஓரத்தில் பென்சிலால், 'நடை நன்றாக இருக்கிறது. கடைசியில் அவள் வீட்டுக்குத் திரும்பினால் யோசிக்கலாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வேறு இரண்டு கிறிஸ்தவப் பதிப்பகங்களிலிருந்து பதிலே இல்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு விடுதி நடத்துகிற வார்டனம்மா மட்டும், "எழுதி முடிங்க, எங்க பிள்ளைங்களுக்கு நகல் எடுத்தாவது கொடுக்கிறேன்" என்றாள். அது போதுமா போதாதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. எழுதினாள்.

ஒரு சாயங்காலம் பாப்பா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் கிடந்த தாள்களை எடுத்துப் படித்தாள். இப்போதெல்லாம் 'அப்புறம்?' என்று கேட்பதில்லை. குறைதான் சொல்வாள்.

"இந்தப் பொண்ணு வீட்ட விட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து ரெண்டு பக்கத்துக்கு அழுதுட்டே இருக்காளேம்மா. இவளுக்குப் பசிக்காதா?"

"அந்த நேரத்துல எப்படிப் பசிக்கும்?"

"எனக்குப் பசிச்சுது. காலையில இருந்து ஒண்ணும் தின்னல. வழியில இறங்கி ரெண்டு பன் வாங்கினேன். மெல்லும்போதெல்லாம் காதுல உயிர் போச்சு. ஆனாலும் முழுசா தின்னுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்."

அந்த மதியத்தைப் பற்றி இதுவரைக்கும் பாப்பா இவ்வளவு சொன்னதில்லை. டீச்சர் அந்த இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தாள். புதுத் தாள் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு, மகளின் வலது பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"என்ன பன்னு?" என்று கேட்டாள்.